ஆக்கி

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், பொருள்களுக்கு வார்ப்பாய் அமையும் ஓர் இனக்குழுவிலிருந்து (கிளாஸ்) புதிய பொருள் சிருஷ்டிக்கப்படும் அக்கணத்திலேயே தானாக இயங்கி, அதன் மாறிகளுக்கு ஆரம்ப மதிப்புகளை அளிக்கும் செயற்கூறு. கன்ஸ்ட்ரக்டர் என்றும் வழங்கும். வங்கிக் கணக்கைக் குறிக்கும் பொருளொன்று, கணக்கு எண்ணும் இருப்புத் தொகையும் நிர்ணயமாகாமலே புழக்கத்துக்கு வந்துவிட்டால், அதை நம்பிச் செய்யும் கணக்கீடுகள் யாவும் பிழைபடுமாதலால், அரைகுறையாக எப்பொருளும் வெளிவரலாகாது என்னும் நியதியே ஆக்கிக்கு ஜீவாதாரம்.

இதன் தோற்றுவாய் நார்வே நாட்டில் உள்ளது. ஒஸ்லோ நகரத்து நார்வே கணிப்பொறி மையத்தில் ஓலே-யொஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் வகுத்த சிமுலா 67 மொழியில் ஆக்கி என்று தனியே ஒன்றில்லை. இனக்குழுவின் தலைப்பே அளபுருக்களை ஏற்க, அதன் உடலிலுள்ள கட்டளைகள் பொருள் பிறக்கும்போதே நிறைவேறின. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வளர்ந்த ஸ்மால்டாக், 'நியூ' என்னும் செய்தியை இனக்குழுவுக்கு அனுப்பிப் பொருளைப் பெறும் அழகிய முறையைக் கொண்டிருந்தபோதிலும், மாறிகளை வெறுமையாகவே விட்டு, அவற்றை நிரப்புவதை நிரலரின் சம்பிரதாயத்திடம் ஒப்படைத்தது.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்திலேயே சிமுலாவில் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியோடு இனக்குழுக்களை இணைக்கத் தொடங்கியபோது, ஏனைய செயற்கூறுகள் இயங்குவதற்குரிய சூழலை முன்கூட்டியே அமைத்துத் தரும் 'நியூ' செயற்கூறு ஒன்றையும் சேர்த்தார். அம்மொழி சி பிளஸ் பிளஸ் ஆக வளர்ந்தபின் அதுவே இனக்குழுவின் பெயரைத் தாங்கி, திருப்பியனுப்பும் மதிப்பு எதுவுமின்றி, இன்று நாம் அறியும் வடிவத்தை அடைந்தது. ஆக்கி எழுதப்பட்டிருக்கும் இனக்குழுவில் அதன் வழியேயன்றிப் பொருளைப் படைக்க நிரல்பெயர்ப்பி இடங்கொடாது. காவற்பொறுப்பு மனித ஞாபகத்திலிருந்து மொழிக்கே கைமாறிய இம்மாற்றமே இவ்வரலாற்றில் தலையாயது என்பது எமது அபிப்பிராயம்.

1995இல் வெளிவந்த ஜாவா இவ்வடிவத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆக்கி எதுவும் எழுதாவிடில் அளபுருவற்ற ஒன்றை ஜாவாவே வழங்கும். ஆனால் நிரலர் ஒன்றேனும் எழுதியவுடன் அவ்வுதவி நின்றுவிடுவதால், முன்பு இயங்கிய வரி திடீரென்று பிழையாவதைக் கண்டு ஆரம்ப மாணாக்கர் திகைப்பது வழக்கம். பிஎச்பி மொழியோ இனக்குழுவின் பெயரையே ஆக்கிக்கு இட்டுவந்த வழக்கத்துக்கு மாற்றாக, 2004இல் வந்த 5ஆம் பதிப்பில் தனிப்பெயர் ஒன்றை நிறுவி, 2020இல் பழையதை அறவே நீக்கிற்று. பைத்தான் மொழியில் ஆக்கியின் பணியைச் செய்யும் 'இனிட்' செயற்கூறு இயங்கும்போது பொருள் முன்னமே பிறந்திருக்கும்.

ஓர் இனக்குழு மற்றொன்றின் பண்புகளைப் பெறும் மரபுரிமையில், சி பிளஸ் பிளஸ், ஜாவா ஆகிய மொழிகளில் தாய் இனக்குழுவின் ஆக்கியே முதலில் இயங்கும். அது, சேய் இனக்குழு திருத்தி எழுதிய செயற்கூறொன்றை அழைத்தால், சி பிளஸ் பிளஸ் தாயின் வடிவத்தையே இயக்கும். ஜாவாவோ சேயின் வடிவத்தை இயக்கும், அப்போது சேயின் மாறிகள் இன்னும் நிரம்பியிரா.