ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு: தாளிலா, கணினியிலா?

வெளிநாட்டில் படிக்கவோ தாதியர் வேலைக்குப் போகவோ விரும்பும் நம் பிள்ளைகள் பலர் எழுதுவது ஐஇஎல்டிஎஸ். (உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் மூவெட் வேறு தேர்வு.) இதன் கட்டணம் நூற்றுக்கணக்கான ரிங்கிட். பிரிட்டனின் தாதியர் மன்றம் எழுத்தில் 6.5 புள்ளியும் மற்ற மூன்று பகுதிகளில் 7 புள்ளியும் கேட்கிறது. அரைப் புள்ளி குறைந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். அதனால், பதிவு செய்யும்போது கேட்கப்படும் ‘தாளா, கணினியா?’ என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது நல்லது.

மாறாதவை

கேள்விகளின் தரமும் புள்ளி முறையும் இரண்டிலும் ஒன்றே. கேட்டல் 40 கேள்விகள், வாசித்தல் 60 நிமிடத்தில் 40 கேள்விகள், எழுத்து 60 நிமிடத்தில் இரண்டு பணிகள் (குறைந்தது 150 சொற்கள், 250 சொற்கள்). பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதைக் கணினி நடத்துவதில்லை, தேர்வாளரிடம்தான் பேச வேண்டும். முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ‘கணினியில் எழுதினால் புள்ளி எளிதாகக் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாறுபவை

கேட்டல் பகுதியில், தாளில் எழுதுவோருக்கு விடைகளைப் படிவத்தில் எடுத்தெழுத 10 நிமிடம் தனியாகக் கிடைக்கும். கணினியில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே. கேட்கும்போதே தட்டச்சு செய்துவிட வேண்டும்.

எழுத்துப் பகுதியில், கணினி சொற்களை எண்ணிக் காட்டும். ஒரு பத்தியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். ஆனால் எழுத்துப்பிழையைத் திருத்தித் தராது.

முடிவு தாளில் 13 நாளில் வரும். கணினியில் பொதுவாக 1 முதல் 5 நாளில் வரும். ஒரு பகுதியில் மட்டும் புள்ளி குறைந்தால் அதை மட்டும் 60 நாளுக்குள் மீண்டும் எழுதும் வசதி கணினித் தேர்வுக்கே உண்டு. அது எல்லா மையங்களிலும் இல்லை. உங்கள் விண்ணப்பத்துக்கு அது ஏற்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

யாருக்கு எது?

எஸ்பிஎம் வரை நம் பிள்ளைகள் கையால் எழுதிப் பழகியவர்கள். கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலால் வேகமாக அடிப்பவர்கூட விசைப்பலகையில் தடுமாறலாம். கணக்குப் பாருங்கள்: இரண்டு பணிகளுக்கும் சேர்த்து 400 சொற்கள். நிமிடத்துக்கு 25 சொல் அடிப்பவருக்கு 16 நிமிடம் போதும். மீதி நேரம் யோசிக்க. 10 சொல் அடிப்பவருக்கு அடிப்பதற்கே 40 நிமிடம் போய்விடும்.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்து, ஒரு மாதிரித் தேர்வைக் கையால் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு இன்னொன்றை, பிழைதிருத்தியை அணைத்துவிட்டு, கணினியில் எழுதுங்கள். இரண்டையும் உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள். எதில் நேரம் மிஞ்சியது, எதில் பிழை குறைந்தது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பொது நூலகக் கணினியைப் பயன்படுத்தலாம்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். பல நாடுகளில் தாள்வழித் தேர்வு படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. உங்கள் மையத்தில் தாள் இன்னும் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம். தேதி குறிப்பதற்கு முன் இரண்டு மாதம், தினமும் அரை மணி நேரம் தட்டச்சுப் பழகுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை, விரல் வேகம் போதாமல் புள்ளி இழக்கக் கூடாது.