நினைவிட மரியாதைக் காவல்

போரில் மாண்டவர்களின் நினைவிடத்தில் சீருடை தரித்த வீரர் அசையாது நிற்பதும் முறை மாறுவதும் நினைவிட மரியாதைக் காவல் எனப்படும். கல்லைக் காப்பதற்கான ஏற்பாடாக இது தோன்றினாலும், இறந்தவர் யாருடையவர் என்று அறிவிப்பதே இதன் உண்மையான பணி. தமிழரின் பழைய மரபில் இத்தகைய காவலாள் இல்லை. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறையாகச் சொல்கிறது. அவற்றுள் காத்து நிற்றல் என்றொரு துறை கிடையாது. கல்லுக்குப் படையலிட்டவர்கள் ஊராரும் உறவினரும்தான். சம்பளம் பெற்று நிற்கும் காவலுக்கு வழி திறந்தது முதலாம் உலகப்போர். 1920 நவம்பர் 11 அன்று இலண்டனிலும், 1921 சனவரி 28 அன்று பாரிஸிலும் பெயர் தெரியாத வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். பெயரில்லாத உடலுக்கு உரிமை கோர உறவு இல்லை. அந்த இடத்தில் அரசு வந்து நின்றது.

காவலின் பணி பாதுகாப்பு அல்ல என்பதற்கு மறுப்பு உண்டு. அமெரிக்காவின் ஆர்லிங்டன் மயானத்தில் உள்ள பெயர் தெரியாத வீரர் கல்லறைக்கு 1925இல் முதலில் நியமிக்கப்பட்டவர் சாதாரணக் காவலாளிதான். கல்லறை மேடையை உல்லாச இடம்போலப் பயன்படுத்தியவர்களைத் தடுப்பதே அவர் வேலை. ஆகவே தொடக்கம் பாதுகாப்புத்தான் என்பது சரி. ஆனால் 1937 முதல் அங்கே படைவீரர்கள் இரவு பகலாக நிற்கின்றனர். மயானத்தின் வாயிற்கதவு பூட்டப்பட்டு, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத நள்ளிரவிலும் காவல் நிற்கிறது. தடுக்க ஆளே இல்லாத வேளையிலும் தொடரும் காவலை வெறும் பாதுகாப்பு என்று விளக்க முடியாது. டில்லி இந்தியா கேட்டில் 1972 சனவரி 26 அன்று திறக்கப்பட்ட அமர் ஜவான் ஜோதி, தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியும் அதன்மேல் தலைக்கவசமுமாக இருந்தது. அதற்கும் முப்படையினர் காவல் நின்றனர். 2022இல் சுடர் தேசியப் போர் நினைவகத்துச் சுடரோடு இணைக்கப்பட்டது.

இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தென்மராட்சியில், இறந்தவர் யாருடையவர் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாவகச்சேரி 1996இல் இராணுவத்திடமும், 2000 மே மாதத்தில் விடுதலைப் புலிகளிடமும், அதே ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் இராணுவத்திடமும் கைமாறிய ஊர். அங்கிருந்து ஏ-9 வீதியில் கிழக்கே போனால் கொடிகாமம். இன்னும் போனால் ஆனையிறவு. அங்கே 1991 சூலை 14 அன்று, புலிகள் கவசமிட்டுக் கொண்டுவந்த புல்டோசரைத் தடுத்து உயிரிழந்த இராணுவ வீரர் காமினி குலரத்ன, இலங்கையின் உயரிய படைவிருதான பரம வீர விபூசணத்தை முதலில் பெற்றவர். அந்த புல்டோசரே ஆனையிறவில் அவரது நினைவுச் சின்னமாக நிற்கிறது. கொடிகாமத்தில் இருந்ததோ புலிகளின் மயானமான மாவீரர் துயிலும் இல்லம். எரிப்பதே பெருவழக்கான சமூகத்தில், 1990களின் தொடக்கத்திலிருந்து புலிகள் தம் போராளிகளைப் புதைத்தனர்; உடலை ‘வித்துடல்’ என்றனர், துப்பாக்கி வேட்டு மரியாதை செய்தனர். புலிகளிடமும் சீருடைச் சடங்கு இருந்ததே, அரசை மட்டும் சுட்டுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் அது இந்த வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஆட்சி கோரிய அமைப்பு, ஆட்சியின் சடங்கையும் கைக்கொண்டது.

போருக்குப் பின் கொடிகாமத் துயிலும் இல்ல நிலத்தில் இராணுவ முகாம் அமைந்தது. ஆகவே அங்கே இப்போதும் ஆயுதம் ஏந்திய காவல்வீரர், அதாவது சென்றி, உண்டு. அவர் காப்பது முகாமை. புதைத்த இடம் எதுவென்று கல்லை வைத்துக் காட்ட முடியாத பெற்றோர் மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று முகாமுக்கு வெளியே கூடுகின்றனர். இதையும் ஒருவகைக் காவல் என்று சொல்லத் தோன்றும். அது பொருந்தாது: அவர்களுக்கு முறைமாற்றும் இல்லை, கட்டளையும் இல்லை. அவர்கள் நிற்பது பழைய நடுகல் முன் உறவினர் நின்ற இடத்தில். மாலை 6.05க்கு மணி ஒலிக்கிறது, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர் ஏற்றுகிறார்கள். பிறகு வீடு திரும்புகிறார்கள். சென்றி அங்கேயே நிற்கிறார்.