குழந்தைகளின் ஒற்றைத் தலைவலி

குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து, மருத்துவரிடம் கொண்டுபோகும் அளவுக்கு வாட்டும் தலைவலி பெரும்பாலும் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியே. பெயர்தான் ஆளை ஏமாற்றிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு பக்கமாகத் தெறிக்கும் இவ்வலி, சிறு பிள்ளைகளுக்கு நெற்றியிலும் இரண்டு பொட்டுகளிலும் சேர்ந்தே வரும். ஒரு பக்கமாக ஒதுங்குவது பதின்பருவம் முடியும் தறுவாயில்தான். அதற்குள் சைனஸ், கண்பார்வைக் கோளாறு என்று காலம் ஓடிவிடும்.

வலி நீடிக்கும் நேரமும் குறைவு. 2018இல் வெளிவந்த பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, பெரியவர்களுக்குக் குறைந்தது 4 மணி நேரம் என்றும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 2 மணி நேரமே போதும் என்றும் வரையறுக்கிறது. கண் கூசுவதைச் சொல்லத் தெரியாத குழந்தை இருட்டறையில் போய்ச் சுருண்டுகொண்டால் அதையே அறிகுறியாகக் கொள்ளலாம். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்த பிள்ளை மாலையில் துள்ளி விளையாடும். பள்ளிக்கு மட்டம் போடும் நடிப்பு என்ற பழி இங்கேதான் விழுகிறது. தூங்கினால் தெளிவதோ இந்நோயின் இயல்பு. சிலருக்குத் தலைக்குப் பதில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். அது வயிற்று மைக்ரேன்.

பருவமடையும்வரை ஆண், பெண் வேறுபாடு அதிகமில்லை. பிறகு பெண்களிடமே மிகுதி. சுவீடனின் உப்சாலாவில் ஏறத்தாழ 9,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1962இல் முடிவுகளை வெளியிட்டார் மருத்துவர் பூ பில்லே. அவர்களில் கடும் மைக்ரேன் கொண்ட சிலரை 40 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஐம்பது வயதிலும் அது விடவில்லை.

வலி தலைகாட்டியதுமே எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலோ ஐபுபுரோபெனோ கொடுத்தால்தான் பலன். டெங்குக் காய்ச்சல் என்ற ஐயம் இருந்தால் ஐபுபுரோபென் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலிமாத்திரை விழுங்கினால் அதுவே தலைவலிக்குக் காரணமாகும். தடுப்பு மருந்துகளின் கதை வேடிக்கையானது: 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் இரண்டுமே வெற்று மாத்திரையை விஞ்சவில்லை, வெற்று மாத்திரை உண்டவர்களிலேயே சுமார் 60 விழுக்காட்டினருக்கு வலிநாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. நேரத்துக்குத் தூக்கம், காலைச் சாப்பாடு, போதிய தண்ணீர் ஆகியவற்றை மருத்துவர்கள் முதலில் கேட்பது அதனாலும்தான்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடிகாலை வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண், வலிப்பு, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு: இவை மைக்ரேன் கணக்கில் சேர்பவை அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.