மிச்சமிருந்த குரல்

ஆத்தங்குடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குனிந்துகொண்டே நடப்பார்கள். பணிவினால் அல்ல, தரையைப் பார்ப்பதற்காக! அந்த ஊர்த் தரைக் கற்களின் அழகு அப்படி. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைக்கிறார்கள். அதற்குள் வர்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்த பக்கந்தான் பிற்பாடு மேலே வந்து பளபளவென்று முகம் காட்டுகிறது. தரையைப் பார்த்து முடித்தவர்கள் தலை நிமிர்ந்து பர்மாத் தேக்கில் செய்த உத்தரங்களைப் பார்ப்பார்கள். இப்படிக் கண்ணுக்கு விருந்து வைத்திருக்கும் ஊருக்கு நான் ஒரு தடவை போனது, பார்ப்பதற்காக அல்ல, கேட்பதற்காக.

நண்பர் ஒருவரின் பூர்விக வீட்டைச் சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனாமல் பாத்திரங்களையும் மரப் பெட்டிகளையும் விலை பேசுவதற்குக் காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். இரண்டாங்கட்டில் பரண்மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா இறங்கிற்று. வியாபாரி ஆவலோடு திறந்து பார்த்தார். உள்ளே 41 காஸெட்டுகள். "இது வேண்டாம் ஐயா, யார் வாங்குவா?" என்று சொல்லி மூடிவிட்டார். பங்கு கேட்ட சகோதரர்களில் ஒருவரும் அந்த டப்பாவைக் கேட்கவில்லை. அதனால் அது நண்பருடைய பங்குக்கு வந்தது. அன்று மாலை அவர் ஒரு பழைய டேப்ரிக்கார்டரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டாலையில் உட்கார்ந்து இருவரும் கேட்கத் தொடங்கினோம்.

கேட்டதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் காஸெட்டின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மனிதக் குரலைப் பிடித்து வைக்கும் வித்தையை எடிசன் 1877இல் சாதித்தார். காந்த சக்தியைக்கொண்டு கம்பியில் ஒலியைப் பதியலாம் என்று டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்ஸன் 1898இல் காட்டினார். ஜெர்மானியர்கள் 1935இல் காந்த நாடா இயந்திரத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். ஆனால் இவையெல்லாம் நிபுணர்களின் கையில் இருந்த கருவிகள். சாமானியர் கைக்கு எட்டும்படி நாடாவை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கியது பிலிப்ஸ் கம்பெனி. லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் உருவான அந்தக் காஸெட், 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளிவந்தது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடும். அறுபது நிமிஷக் காஸெட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம். நாடாவின்மேல் பூசியிருப்பதோ இரும்பு ஆக்ஸைடுத் தூள். நம் பாஷையில் சொன்னால் ஒருவகைத் துரு. ஆத்தங்குடிக் கல்லின் செந்நிறத்துக்கும் அதே இரும்பு ஆக்ஸைடுதான் காரணம். தரையில் பூவாக நின்றது இங்கே குரலாக நின்றது!

அதே 1963ஆம் வருஷம் செட்டிநாட்டுக்கு வேறொரு விதத்தில் மறக்க முடியாத வருஷம். பர்மாவில் நே வின் அரசாங்கம் அந்த ஆண்டில் வங்கிகளைத் தேசியமயமாக்கியது. அடுத்த ஆண்டில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. இந்தியர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். நகரத்தாரின் பர்மா வாழ்வு, 1942இல் ஜப்பானியர் வந்தபோதே முறிந்து, 1948 நிலச் சட்டத்தில் நொறுங்கி, 1964இல் மண்ணோடு மண்ணாயிற்று. என் நண்பருடைய தகப்பனாரும் அந்தக் கடைசிக் கூட்டத்தோடு கப்பல் ஏறி வந்தவர்தான். வந்து மூன்று வருஷத்தில் காலமாகிவிட்டார்.

பர்மாக் காலத்தை எண்ணிப் பாருங்கள். கொண்டுவிற்கப் போகிறவர், ஏஜெண்டோ அடுத்தாளோ பெட்டியடிப் பையனோ, யாராயிருந்தாலும் சம்பளச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போனால் சுமார் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். ரங்கூன் முகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகளில் ஆண்கள் வாழ்ந்தார்கள். பெண்கள் இங்கே இந்தப் பெரிய வளவுகளில் வாழ்ந்தார்கள். நடுவே கடல்; கடலுக்குமேல் கடிதம். கடிதத்திலும் பாதி கணக்காகத்தான் இருந்திருக்கும். கணக்கு எழுதுவதில் நகரத்தாரை மிஞ்ச ஆளில்லை. கல்யாணம் என்றால் இசைகுடிமானம், சீர் என்றால் முறைச்சிட்டை, மொய் என்றால் அதற்கும் ஏடு. பர்மாவில் எத்தனை செட்டியார் கடைகள் இருந்தன என்று கேளுங்கள். 1929–30இல் கூடிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, சுமார் 1,650 என்று சொல்லும். முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் சொல்லும். அந்த முதலில் மனைவிமார் கொண்டுவந்த பணமும் சேர்ந்திருந்தது. பேரேட்டில் அதற்கு 'ஆச்சிமார் பணம்' என்று தனிப் பெயரே உண்டு. ஆச்சிமாரின் பணம் பேரேட்டில் இருக்கிறது. ஆச்சிமாரின் பேச்சு எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்விக்குப் பிஸ்கட் டப்பா பதில் சொல்லும் என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன்.

நண்பரின் அண்ணன் 1979இல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா சிங்கப்பூருக்கும் போனவர்கள் முதல் விடுமுறைக்கு வரும்போதே கையில் ஒரு 'டூ-இன்-ஒன்' கொண்டுவருவார்கள். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்ததும், எழுதப் படிக்க அலுத்துக்கொண்டவர்கள் பேசத் தொடங்கினார்கள். கடிதத்துக்குப் பதில் காஸெட். பிலிப்பைன்ஸ்காரர்கள் அரபு நாடுகளிலிருந்து இப்படித்தான் வீட்டுக்குப் பேசி அனுப்பினார்கள். வியத்நாம் போர்க்களத்திலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் சிறு சுருள் நாடாக்களில் பேசி அனுப்பினார்கள். ஆத்தங்குடி ஆச்சி பேசினதும் அந்த உலக வரிசையில் சேர்ந்ததுதான்.

அண்ணனுடைய குரல் தாராளமாகக் கிடைத்தது. "அன்புள்ள ஆத்தாவுக்கு மகன் எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்தார்! பேசும்போதும் எழுதுகிற நினைப்பு விடவில்லை. சம்பளம், அறையில் உடனிருப்பவர்கள், மழை, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பிய சாமான்களின் பட்டியல். காஸெட்டுக்குமேல் காஸெட்டாக அவரே பேசிக்கொண்டிருந்தார். "ஆத்தா பேசினது எங்கே?" என்று கேட்டேன். நண்பர் சற்று நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"காஸெட் விலை அப்போ எங்களுக்குப் பெரிசு. ஆத்தா பேசி அனுப்புவாக. அண்ணன் கேட்டுட்டு, அதே காஸெட்டிலேயே பதில் பேசித் திருப்பி அனுப்பும்."

விஷயம் விளங்கிவிட்டது. பதியும் முனைக்கு முன்னால் அழிக்கும் முனை ஒன்று உண்டு. புதிய குரல் எழுதப்படுவதற்கு ஒரு கணம் முன்பாகப் பழைய குரலை அது துடைத்துவிடும். மகன் "அன்புள்ள ஆத்தாவுக்கு" என்று சொல்லச் சொல்ல, அந்த ஆத்தாவின் குரல் அழிந்துகொண்டே வந்திருக்கிறது. வேண்டுமென்று செய்ததல்ல, சிக்கனம். சிக்கனத்தில் பேர் பெற்ற சமூகத்தில் யார் அதைக் குற்றம் சொல்வார்கள்? காஸெட்டின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மறுபடி பதிய முடியாது. அந்த வீட்டில் பல் ஒடிக்கப்பட்டிருந்தவை கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் காஸெட்டுகள் மட்டுமே!

ஐரோப்பாவில் பழைய தோல் ஏடுகளைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினார்கள். ஆர்க்கிமிடீஸின் நூலைச் சுரண்டி 13ஆம் நூற்றாண்டில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம் எழுதினார்கள். நம் காலத்து விஞ்ஞானிகள் விசேஷ ஒளிகளைப் பாய்ச்சி, அடியில் மறைந்திருந்த எழுத்தை மீட்டுவிட்டார்கள். நாடாவில் அழிந்த குரலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெரிய இடத்திலும் இது நடந்ததுதான். 1969இல் மனிதன் சந்திரனில் கால் வைத்த காட்சியின் மூல நாடாக்களைத் தேடிப் பார்த்த நாஸா, அவை அழிக்கப்பட்டு மறுபடி உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் முடிவு கட்டியது. சந்திரனுக்கே இந்தக் கதி என்றால் ஆத்தங்குடிக்கு என்ன?

இப்படிப் பேசிக்கொண்டே அடுத்த காஸெட்டைப் போட்டோம். '1981' என்று அட்டையில் எழுதியிருந்தது. அண்ணன் இருபத்தேழு நிமிஷம் பேசி, "இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்றார். 'டக்' என்று ஒரு சத்தம். நண்பர் நிறுத்தக் கை நீட்டினார். அதற்குள் ஒரு பெண் குரல், வாக்கியத்தின் நடுவிலிருந்து, பேசத் தொடங்கிற்று.

"...அதைப் பத்தி நீ ஒண்ணும் வெசனப்படாதே தம்பி. நான் பார்த்துக்கிறேன்."

நண்பரின் கை அப்படியே நின்றது. மகனுடைய பதில் தாயின் கடிதத்தைவிடச் சிறியது. அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பால் அழிக்கும் முனை போகவில்லை. அங்கே மூன்று நிமிஷம் ஆத்தா மிச்சமிருந்தார்.

பின்னால் காக்கை கரைந்தது. யாரோ இரும்புச் சட்டியை நகர்த்தினார்கள். ஆத்தா சொன்னார்: "நோன்புக்கு அங்கன கோயில்லே இழை எடுத்துக்கிட்டியா? எடுத்தேன்னு எழுதாதே, வாயாலே சொல்லு. உங்க அப்பச்சி பர்மாவிலேருந்து எழுதித்தான் போட்டாக. முத்து முத்தா எழுத்து. அம்புட்டும் பெட்டகத்திலே இருக்கு. குரலு எப்பிடி இருந்துச்சுன்னுதான் நினைப்பு வரமாட்டேங்குது."

பிள்ளையார் நோன்பு நகரத்தாருக்கு எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்ததே. கார்த்திகைக்கு இருபத்தோராம் நாள், மாவில் ஏற்றிய இழை விளக்கைச் சுடரோடு எடுத்து உண்பார்கள். கடல் கடந்து போனவர்களும் கோயிலில் கூடி அதைச் செய்வார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோடில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் நகரத்தார் கட்டியதுதான். வேறொரு காஸெட்டில் அண்ணனின் பதில் இருந்தது: "ஆமா ஆத்தா, இழை எடுத்துக்கிட்டேன்." சொன்னபடி வாயாலேயே சொல்லியிருந்தார்.

அன்றிரவு முழுவதும் ஒவ்வொரு காஸெட்டையும் கடைசிவரை ஓடவிட்டோம். நான்கில் ஆத்தாவின் குரல் மிச்சமிருந்தது. மொத்தம் பதினோரு நிமிஷம். மற்றதை மகனின் பதில்களைக்கொண்டு ஊகித்தோம். "பசு கன்று போட்டது சந்தோஷம்" என்று அவர் சொன்னால், ஆத்தா பசுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நம்முடைய வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற நூல்களில் எடுத்தாண்ட பாடல்கள்தான் கிடைத்தன. அவற்றைக்கொண்டு காப்பியத்தை ஊகிக்கிறோம் அல்லவா? அதே வேலைதான் இதுவும்.

இந்தப் பதினோரு நிமிஷத்தைச் சரித்திரம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கட்சி. விசாரணைக் குழுவின் 75 கோடி எப்படிச் சரித்திரமோ, "குரல் நினைப்பு வரவில்லை" என்ற ஒரு வாக்கியமும் அப்படியே சரித்திரம். அந்தக் கோடிகளுக்கு வளவில் இருந்த பெண் கொடுத்த விலை என்ன என்பதை அந்த வாக்கியந்தான் சொல்கிறது. பத்தாயிர வீடுகளில் பத்தாயிர ஆச்சிகள் இதை நினைத்திருக்கலாம். எழுதியவர் எத்தனை பேர்?

காகிதத்துக்கு இந்த நாட்டில் ஒரு முத்தையா கிடைத்தார். பக்கத்திலே கோட்டையூரில் ரோஜா முத்தையா, புத்தகம், பத்திரிகை மட்டுமல்லாமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. கடையில் விற்ற பாட்டுக் காஸெட்டுகளைப் பற்றிக்கூடப் பீட்டர் மானுவல் என்ற அறிஞர், வட இந்தியாவை வைத்து, 1993இல் ஒரு நூல் எழுதிவிட்டார். வீட்டில் பேசின காஸெட்டுக்கோ அந்தந்த வீட்டாரே முத்தையா ஆனால்தான் உண்டு.

அதற்கு அதிக அவகாசமும் இல்லை. நாடாவின் பூச்சு உதிர்கிறது, பூசணம் பிடிக்கிறது, நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்துவிடுகிறது, ஓட்டும் இயந்திரமோ அதைவிட அரிதாகிவிட்டது. நாடா சுருண்டே கிடப்பதால் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆத்தா பேசுவதற்குச் சற்று முன்பே அவர் குரல் மிக மெல்லியதாக ஒரு தடவை கேட்டதன் காரணம் இதுதான். கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது.

நண்பர் அந்தப் பதினோரு நிமிஷத்தைப் பிரதி எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அண்ணனுக்கு இப்போது வயது எழுபதுக்குமேல். இரண்டு நாள் கழித்து டெலிபோனில் கூப்பிட்டார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெசனப்படாதேன்னு ஆத்தா சொல்றாகளே, எதைப் பத்திடா?" என்று கேட்டாராம். அந்த வாக்கியத்தின் முன்பாதியைக் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவருக்கும் நினைவில்லை.

வாசக அன்பர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் ஏறிப் பார்க்க வேண்டுகிறேன். காஸெட் கிடைத்தால் முதலில் அந்தப் பிளாஸ்டிக் பல்லை ஒடித்துவிடுங்கள். பிறகு கேளுங்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நாடா தீரும்வரை ஓடட்டும்.