உயர்நிலைப் பள்ளி ஆங்கிலக் கல்வியில் படைப்பெழுத்து

மாணவர் தாம் கண்டது, கேட்டது, எண்ணியது ஆகியவற்றைக் கதை, கவிதை, உரையாடல், நாட்குறிப்பு, விவரிப்பு போன்ற வடிவங்களில் சொந்தச் சொற்களில் எழுதும் பயிற்சியே படைப்பெழுத்து. பாடநூல் வினாவுக்கான விடையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம்; படைப்பெழுத்தை அப்படிக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டின் இருமொழிக் கொள்கைப்படி ஆங்கிலம் பள்ளிகளில் இரண்டாம் மொழி. தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற வட்டங்களின் சிற்றூர்களில் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் புழங்குவது அரிது. அதனால் அங்கே படைப்பெழுத்து இலக்கியப் பயிற்சியாக இருப்பதற்கு முன்பே மொழியைக் கைவசப்படுத்தும் வழியாக இருக்கிறது.

தோற்றம்

இங்கிலாந்தில் 1921-இல் வெளிவந்த நியூபோல்ட் அறிக்கை, ஆங்கிலத்தைக் கல்வி முழுவதற்கும் நடுவான பாடமாக முன்வைத்தது. அமெரிக்காவில் ஹியூஸ் மேர்ன்ஸ், நியூயார்க்கின் லிங்கன் பள்ளியில் மாணவர்களைக் கவிதை எழுதவைத்த பட்டறிவை 1925-இல் நூலாக்கினார். இரு நாட்டு ஆசிரியர்களும் 1966-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கூடி, ஆங்கில வகுப்பு எதற்காக என்று விவாதித்தார்கள். அதையொட்டி ஜான் டிக்சன் 1967-இல் எழுதிய நூல், மொழிப்பாடத்தை மாணவரின் ஆளுமை வளர்ச்சியோடு இணைத்தது. இவை யாவும் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளை மனத்தில் வைத்துப் பிறந்தவை.

தமிழ் மரபிலும் இதற்கு இணையான பயிற்சி உண்டு. ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது புலவர்களிடையே நெடுநாள் வழக்கம். மனப்பாடம் செய்த பாடல்கள் யாப்பைக் காதில் ஏற்றின. அந்த ஓசையில் புதிய பொருளைச் சொல்ல ஈற்றடி வாய்ப்பளித்தது. அந்த முறையில் மனப்பாடமும் படைப்பும் ஒன்றுக்கொன்று துணையாயின.

தமிழ்நாட்டில்

1950-களில் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் பாடத்திட்டம் வேரூன்றியது. மாணவர் பிழையின்றித் திரும்பச் சொல்வதே அதன் இலக்கு. 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் இதற்கு மாற்று வழியைக் காட்டியது. பெங்களூரோடு சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் நடந்த இத்திட்டத்தில் வரைபடம், கால அட்டவணை போன்றவற்றை வைத்துச் சிக்கல்களைத் தீர்க்கும் பணிகள் மாணவருக்குத் தரப்பட்டன. கவனம் பொருளில் இருந்தால் இலக்கணம் உள்ளே படியும் என்பது பிரபுவின் துணிபு. இது படைப்பெழுத்துத் திட்டம் அன்று. ஆனாலும் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கும்போதுதான் மொழி வளரும் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் பொருளுணர்ந்த மொழிப்பயிற்சியை வலியுறுத்தியது. தமிழக அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்கு வந்த ‘படைப்பாற்றல் கல்வி’ முறை மனவரைபடம், தொகுத்தல், குழு விவாதம் ஆகியவற்றைப் பரவலாக்கியது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரையும் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அறிமுகமானது. அதில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டதால் கதை, கவிதை, சுவரொட்டி, நாடகம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் வழங்க இடம் கிடைத்தது. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பு இதற்கு வெளியே நின்றது.

தேர்வின் தாக்கம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 முதல் 100 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளாக நடத்தப்படுகிறது. கடிதம், விளம்பரம், அறிவிப்பு ஆகியவற்றோடு, படத்தைப் பார்த்துக் கருத்தெழுதும் வினாவும் கதைக் குறிப்புகளை விரித்தெழுதும் வினாவும் அதில் உண்டு. விரித்தெழுத வேண்டிய கதை துணைப்பாடத்திலிருந்தே வருவதால், மாணவர் கைடில் உள்ள பத்தியை நெட்டுருப் போட்டு எழுதிவிடலாம். படத்துக்கான வினா உண்மையிலேயே திறந்த வினா. அதற்கும் ‘திஸ் இஸ் எ நைஸ் பிக்சர்’, ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்களைப் பல மாணவர்கள் முன்பே பழகி வருகிறார்கள். மரம் நடும் படமோ சாலை விபத்துப் படமோ, எது வந்தாலும் அதே வாக்கியங்கள்தாம். தேர்ச்சி பெறத் தடுமாறும் மாணவருக்கு அவை கைத்தடியாகின்றன என்பது உண்மை. ஆனால் கைத்தடியோடு பயிற்சி முடிந்துவிட்டால், பத்தாண்டு ஆங்கிலம் படித்த மாணவர் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுதாமலே பள்ளியை விட்டுப் போக நேரிடும்.

வகுப்பறை முறைகள்

வெறும் தலைப்பைத் தந்து ‘எழுது’ என்றால் பெரும்பாலான மாணவர்கள் திகைத்து நிற்பார்கள். வாக்கியச் சட்டகம், ஐந்து வரிக் கவிதை, பெயரின் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி, படித்த கதைக்கு வேறு முடிவு, கதைமாந்தரின் நாட்குறிப்பு போன்ற சிறிய கட்டுப்பாடுகள் துணிவு தருகின்றன. ஈற்றடி செய்த வேலையை இங்கே சட்டகம் செய்கிறது. முதலில் தமிழில் பேசிச் சொற்களைத் திரட்டி, பின்பு ஆங்கிலத்தில் எழுதுவதும் பயனுள்ள முறை.

பாப்பிரெட்டிப்பட்டி சேர்வராயன் மலையை ஒட்டிய வேளாண் வட்டம். வாணியாறு அணை, மரவள்ளிக் காடு, மஞ்சள் வயல் என்று எழுதுவதற்கான பொருள் கண்முன்னே கிடக்கிறது. எடுத்துக்காட்டாக, இத்தகைய ஊரில் ஒரு மாணவி ‘மை கிராண்ட்மதர் ஹேண்ட் ஆல்வேஸ் டர்மரிக் ஸ்மெல்’ என்று எழுதுவதாகக் கொள்ளலாம். ‘பாட்டி கை எப்போதும் மஞ்சள் வாசனை’ என்ற தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கிலச் சொற்களில் இறங்கியிருக்கிறது. சிவப்பு மையால் வரி முழுவதையும் அடித்தால் அந்தக் கையும் வாசனையும் சேர்ந்தே அழிந்துபோகும். மாறாக, ஆசிரியர் முதலில் அந்த வரியை வகுப்புக்குப் படித்துக் காட்டலாம்; பிறகு ‘ஸ்மெல்ஸ் ஆஃப் டர்மரிக்’ என்ற வழக்கைக் கரும்பலகையில் எழுதலாம். தனக்கு வேண்டிய நேரத்தில் கிடைத்த முன்னிடைச்சொல் எளிதில் மறப்பதில்லை.

மதிப்பீடும் தடைகளும்

இலக்கணம் முழுதாக வந்த பிறகே சொந்தமாக எழுதவைக்க வேண்டும் என்போர் உண்டு. எழுதிப் பார்க்காமல் இலக்கணம் கைக்கு வராது என்பது இதற்கான மறுமொழி. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை, திருத்த வேண்டிய நோட்டுகளின் குவியல், பாடத்தை முடிக்கும் நெருக்கடி ஆகியவை மெய்யான தடைகள். ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துவது, மாணவர்களே ஒருவர் எழுத்தை மற்றவர் படிப்பது, சிறந்தவற்றைத் தொகுத்து வைப்பது ஆகியன ஆசிரியரின் சுமையைக் குறைக்கும். படைப்பை மதிப்பிடும்போது பொருள், ஒழுங்கு, சொல்தேர்வு, பிழையின்மை ஆகியவற்றைத் தனித்தனியே பார்ப்பது நல்லது. எல்லாவற்றையும் பிழைக்கணக்கில் அடக்கினால் மாணவர் தெரிந்த சொற்களைத் தாண்டத் துணிய மாட்டார்.

எழுதியதைப் படிக்க ஆள் இருப்பதும் முக்கியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் தமிழில் அந்த வாசலைத் திறந்தன. ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் அதைச் செய்துகொள்ள முடியும். தமிழ்நாட்டு ஊர்களுக்குப் பழக்கமான கையெழுத்துப் பத்திரிகையே போதும். அதற்கு வேண்டியவை சில வெள்ளைத் தாள்களும் வாரத்தில் ஒரு பாடவேளையும்தான்.