நாடுகளுக்கிடையே வானிலைத் தகவல்: சோதனைக் கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலுக்கு மழை கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வு பல நேரம் அந்தமான் பக்கமோ தாய்லாந்து வளைகுடாப் பக்கமோ உருவாகிறது. அங்குள்ள நாடுகள் எடுக்கும் காற்றழுத்த அளவு, காற்றின் வேகம் எல்லாம் உடனுக்குடன் இங்கே வந்தால்தான், நெல்லை இன்றே அறுப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று உங்களுக்கு ஓரளவு சரியாகச் சொல்ல முடியும். சென்னையிலும் காரைக்காலிலும் பறக்கவிடும் வானிலை பலூன்களின் அளவுகளும் இதேபோல் வெளிநாடுகளுக்குப் போகின்றன.

இந்தப் பரிமாற்றத்தை ஜெனீவாவில் உள்ள உலக வானிலை அமைப்பு ஒருங்கிணைக்கிறது. பல பத்தாண்டுகளாக இருந்த தொலைத்தொடர்பு வலைக்குப் பதிலாக, இணையம் வழியே இயங்கும் 'விஸ் 2.0' 2025-இல் நடைமுறைக்கு வந்தது. பழையது சில ஆண்டுகள் கூடவே ஓடும். புதிய முறையில் ஒரு நாடு அளவை வெளியிட்டதும், வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுவதுபோல் சிறிய அறிவிப்பு போகும். வேண்டியவர்கள் தரவை இறக்கிக்கொள்ளலாம்.

இப்படி ஓடும் வலையிலேயே சோதனை செய்து பார்க்க முடியாது. சோதனைக்குப் போட்ட பொய்ப் புயல் ஒன்று வெளியே கசிந்தால் எத்தனை படகு கரை திரும்பும், எத்தனை வயல் அவசரமாக அறுபடும்! அதனால் சோதனைக்குத் தனிக் கணினிகள் வேண்டும். பல நாடுகள் ஒரே நேரத்தில் அனுப்புவது, இணைப்பு அறுவது, ஒரே செய்தி இருமுறை வருவது, தேதி தப்பாக வருவது எல்லாவற்றையும் அதில் செய்து பார்க்க வேண்டும். சில மாத வேலைக்குக் கணினியை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே மேல். வேலை முடிந்தபின் சோதனை முடிவுகள் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தானியங்கி வானிலை நிலையம் வாங்கினாலும் இதே கவனம் தேவை. முழுத் தொகையையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். சாதாரண மழைமானியைப் பக்கத்தில் வைத்து, ஒரு மழைக்காலமாவது தினமும் காலை 8.30 மணி அளவோடு ஒப்பிடுங்கள். மழைமானியின் வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், 200 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றினால் 10 மி.மீ. காட்ட வேண்டும். மடமடவென்று ஊற்றினால் நல்ல கருவிகூடக் குறைத்தே காட்டும். மரம், சுவர் ஆகியவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிறுவச் சொல்லுங்கள். சிம் கார்டு சிக்னல் போய்த் திரும்பும்போது விடுபட்ட அளவுகள் வந்து சேர்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.