எண்–சரம் வேறுபாடு (தரவுத் தேடல்)

தேடல் முடிவாகக் கிடைக்கும் மதிப்பு கணக்கிடத்தக்க எண்ணா, எழுத்துக்குறிகளின் தொடரான சரமா என்று பிரித்தறியும் தரவு வகைப் பாகுபாடு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் சேமிப்பில் வேறானவை: 9 என்னும் சரம் ஆஸ்கி முறையில் 57 என்னும் குறியீடாகப் பதிவாகிறது.

எண்களின் ஏறுவரிசையில் 9-க்குப் பின் 10 வரும். சரங்கள் முதல் எழுத்துக்குறியிலிருந்து ஒப்பிடப்படுவதால் 10 முந்தும்.

ஜேசான் வடிவம் சரத்தை இரட்டை மேற்கோள்குறிக்குள் இடுகிறது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ‘டைப்ஆஃப்’ என்னும் சார்பு மதிப்பின் வகையைத் தருகிறது. 2013-இல் பரிந்துரையான ஸ்பார்க்கிள் 1.1 வினவல் மொழியில் ‘இஸ்நியூமெரிக்’ சார்பு எண்களை மட்டும் வடிகட்ட உதவுகிறது. விரிதாள்கள் இயல்பாக எண்ணை வலப்புறமும் உரையை இடப்புறமும் ஒதுக்குகின்றன.

கூட்டல், சராசரி, எல்லைத் தேடல் ஆகியவற்றுக்கு எண் வகை தேவை. தொலைபேசி எண், கணக்கு எண் போன்ற அடையாளங்கள் முன்னுள்ள சுழியங்களை இழக்காதிருக்கச் சரமாகவே சேமிக்கப்படுகின்றன.